பைக் வீலில் காய்ந்துபோன ஸ்டிக்கர் பசையைப் பெயின்ட் போகாமல் எடுப்பது எப்படி?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பழைய பைக் ஒன்றை வாங்குகிறவர், வண்டியோடு சேர்த்து அதை முன்பு ஓட்டியவரின் ரசனையையும் வாங்கிக்கொள்கிறார். ஹேண்டில் பாரில் தொங்கும் குஞ்சத்தை அன்றைக்கே கழற்றிவிடலாம். ஆனால் வீலைச் சுற்றி ஓடும் ரேடியம் ஸ்டிக்கர் அப்படிப்பட்டதன்று. அதில் பாதி உரிந்திருக்கும், மீதி வெயிலில் வெந்து அப்பளம்போல் நொறுங்கும். உரிந்த இடத்தில் எஞ்சிய பசை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, எத்தனை முறை வாட்டர் வாஷ் செய்தாலும் போகாத கறுப்புக் கோடாக நிற்கும். (அந்த ஸ்டிக்கரில் ரேடியம் எதுவும் கிடையாது. வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டைகளோதான் இருக்கின்றன. பெயர் மட்டும் நம் ஊரில் நிலைத்துவிட்டது.)

இந்த வேலையைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது தின்னர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் வண்டியின் முன்வீலில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் பசை இருந்தது. பெயின்ட் கடையில் வாங்கிய தின்னரைத் துணியில் நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பசை வந்தது, அதோடு கறுப்புப் பெயின்டும் வந்தது, அடியிலிருந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்த்தது. கம்பெனிப் பெயின்ட் என்று நான் நம்பியிருந்தது, யாரோ வீட்டு வாசலில் வைத்து ஸ்ப்ரே டப்பாவால் அடித்த பெயின்ட். ஆகவே புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் பசையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அந்தப் பசை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீலின் மேல் இருப்பது எந்தப் பெயின்ட்?

தொழிற்சாலையிலிருந்து வரும் அலாய் வீல்களில் பெரும்பாலும் பவுடர் கோட்டிங்கோ, அடுப்பில் சுட்டு இறுக்கிய பெயின்டோ இருக்கும். பவுடர் கோட்டிங் என்பது தூளாகத் தூவப்பட்டு, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி இறுகிய படலம். மண்ணெண்ணெய், ஆல்கஹால் போன்றவை சிறிது நேரம் பட்டால் அது அசையாது. பட்டறையில் ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டும், நன்றாக இறுகிய பிறகு, ஏறக்குறைய இதே அளவு தாங்கும். அடித்துச் சில நாட்களே ஆகியிருந்தால் தாங்காது. மூன்றாவது வகை, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டும் சாதாரண ஸ்ப்ரே டப்பாப் பெயின்டும். இவை காய்வது என்பது உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவது மட்டுமே. அதே வகைக் கரைப்பான் மறுபடியும் பட்டால் எத்தனை வருடம் கழித்தும் இளகிவிடும். தின்னரும், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனும் இவற்றை நொடியில் கரைப்பதற்கு அதுவே காரணம்.

எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ரிம்மின் உட்புறத்தில், ஹப்புக்கு அருகே வெளியே தெரியாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் திரவத்தை வெள்ளைப் பஞ்சில் நனைத்து, அந்த இடத்தில் அரை நிமிடம் அழுத்தி வைத்த பின் மெதுவாகத் தேயுங்கள். பஞ்சில் வீலின் நிறம் ஏறினாலோ, தேய்த்த இடம் விரலில் ஒட்டினாலோ, காய்ந்த பிறகு அங்கே பளபளப்பு மங்கியிருந்தாலோ, அந்தத் திரவம் அந்த வீலுக்கு ஆகாது. பஞ்சில் வெறும் அழுக்கு மட்டும் ஏறினால் தொடரலாம். ஆனால் அழுக்கும் கறுப்பு, வீலும் கறுப்பு என்றால் குழப்பம் வரும் என்பதால், சோதிக்கும் இடத்தை முன்பே சோப்பு நீரால் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். முன்வீலில் ஒரு முறையும் பின்வீலில் ஒரு முறையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு வீலை மட்டும் மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கும் வண்டிகள் சந்தையில் நிறையவே உண்டு.

மேட் கறுப்பு வீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மேட் பெயின்டை அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் பளபளக்கத் தொடங்கும், அதை மறுபடி மேட் ஆக்க வழியில்லை. வீல் ஓரத்தைக் கடைந்து வெள்ளியாகக் காட்டும் டைமண்ட் கட் வீல்களில், உலோகத்தின் மேல் மெல்லிய கிளியர் கோட் இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் நம் பகுதியின் கடற்காற்று உப்பு உள்ளே புகுந்து, படலத்துக்கு அடியில் வெள்ளை நரம்புகள்போல் அரிப்பைப் பரப்பிவிடும். திருவொற்றியூரில் தயாராகி, காசிமேடு வரை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புல்லட்டுகளின் குரோம் ரிம்முக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஸ்போக் நிப்பிள்களைச் சுற்றியுள்ள துரு மட்டுமே.

பசையா, தாரா?

ரிம்மில் கறுப்பாக ஒட்டியிருப்பதெல்லாம் ஸ்டிக்கர் பசை அல்ல. புதிதாகச் சாலை போட்ட வாரத்தில் தெறித்த தாரும் அப்படித்தான் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சை வைத்தவுடன் பழுப்பு நிறத்தில் கரைந்து வழிந்தால் அது தார். உருண்டு திரண்டு வந்தால், அல்லது அசையாமலே இருந்தால் பசை. தாருக்கு மண்ணெண்ணெயும் சோப்பு நீருமே போதும், அடுத்துள்ள எச்சரிக்கைகளை மட்டும் படித்துக்கொண்டால் போதும்.

வேலைக்கு முன்

நேரம் முக்கியம். காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில் செய்யுங்கள். மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற வீலில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஊற்றிய திரவம் பசைக்குள் ஊறுவதற்கு முன்பே ஆவியாகிவிடும், பெயின்டும் இளகியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றும் நிலை 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்குகிறது, வெயிலில் நின்ற உலோகம் அதைவிடச் சூடாக இருக்கும். பெட்ரோலுக்கு அந்த நிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி. அதாவது எந்தக் காலத்திலும், எந்த நேரத்திலும் அது தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. நம் தெருக்களில் ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் நான்கடிகூட இருப்பதில்லை. டேங்கிலிருந்து டியூப் போட்டு ஒரு மூடி பெட்ரோல் எடுத்துத் துடைக்கும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் வைத்துக் கையால் வீலைச் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, தானாகச் சுற்றும் பின்வீலில் துணியைப் பிடிப்பது வேலையை எளிதாக்குவதுபோல் தோன்றும். துணி செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் சிக்கினால் விரல் அதன் பின்னாலேயே போகும். இதை ஒரு முறைகூட, ஒரு நிமிடத்துக்குக்கூடச் செய்யாதீர்கள்.

அடுத்து டிஸ்க் பிரேக். இந்த வேலையில் நாம் பயன்படுத்தும் பொருட்களில் பாதி, எண்ணெய் அல்லது எண்ணெய்ப்பசை உள்ளவை. ஒரு சொட்டு டிஸ்க்கில் விழுந்து பிரேக் பேடில் ஏறினால் பிரேக் பிடிக்காது, ஊறிப்போன பேடை மாற்றத்தான் வேண்டியிருக்கும். எனவே டிஸ்க்கையும், பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் பிளாஸ்டிக் பையால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். எந்தத் திரவத்தையும் வீலின் மேல் நேரடியாகப் பீச்சாமல், துணியில் ஊற்றித் தடவுங்கள். டயரின் பக்கச் சுவரில் படாமல் இருக்க, ரிம்முக்கும் டயருக்கும் இடையில் பழைய கேலண்டர் அட்டையைச் செருகிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கழுவுதல். மணல் ஒட்டிய வீலைத் துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம் என்பதால், ஷாம்பு கலந்த நீரால் முழு வீலையும் கழுவித் துடைத்த பிறகே பசையில் கை வைக்க வேண்டும்.

ஸ்டிக்கரை உரிப்பது

மேலே படலம் இன்னும் இருக்கிறதென்றால் அதை முதலில் எடுக்க வேண்டும். 17 அங்குல வீலின் சுற்றளவு ஏறக்குறைய 1.4 மீட்டர். இரண்டு வீல்களின் இருபுறமும் ஸ்டிக்கர் இருந்தால் மொத்தம் ஐந்தரை மீட்டர். இதை ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர் மூன்றாவது மீட்டரில் பொறுமையிழந்து பிளேடைத் தேடுவார். ஒரு நேரத்தில் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் முடி உலர்த்தும் ஹேர் டிரையர் இருந்தால் போதும். ஒரு சாண் நீளத்தை, தொட்டால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். டிரையர் இல்லாதவர்கள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் சுற்றி வைக்கலாம். பட்டறைகளில் இருக்கும் ஹீட் கன் வேண்டாம், அதிலிருந்து வரும் காற்று பல நூறு டிகிரியை எட்டிப் பெயின்டைக் கொப்புளமாக்கிவிடும். சூடு அளவாக இருந்தால் பசை இளகி, படலத்தோடு சேர்ந்து வரும். அதிகமானால் பசை நூல் நூலாக நீண்டு, பாதி படலத்திலும் பாதி வீலிலுமாகப் பிரிந்துகொள்ளும். பிறகு வேலை இரட்டிப்பாகும்.

ஓரத்தை நகத்தாலோ, காலாவதியான ஏ.டி.எம். கார்டாலோ கிளப்பி, படலத்தை அதன் மேலேயே மடித்து, வீலை ஒட்டிய நிலையில் மெதுவாக இழுங்கள். வெளிப்பக்கமாகச் சட்டென்று பிடுங்கினால் படலம் கிழிந்து பசை தங்கும். நொறுங்கும் நிலையிலுள்ள பழைய ரேடியம் ஸ்டிக்கர் எப்படி இழுத்தாலும் சில்லுச் சில்லாகத்தான் வரும். அதற்கு ஐஸ்கிரீம் மரக்கரண்டியின் முனையைச் சாய்வாகத் தேய்த்துச் சீவிக்கொண்டால் நல்ல கருவியாகும். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் எதுவும் வேண்டாம். டியூப்லெஸ் வீலில் டயர் உட்காரும் ஓரத்தில் கீறல் விழுந்து, அங்கே அரிப்பு ஏறினால், பிற்பாடு காற்று கசியும் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

பசையை எடுப்பது

இந்த வேலையில் திறமை என்று ஒன்று இருக்குமானால் அது காத்திருப்பதில்தான் இருக்கிறது. பசையைக் கையால் தேய்த்து எடுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் திரவம் பசைக்குள் ஊறி, அதை உப்ப வைத்து, பெயின்டைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. கை செய்வது அதன் பிறகு துடைத்தெடுக்கும் வேலையை மட்டுமே. எனவே வலுக் குறைந்த பொருளில் தொடங்கி, நேரம் கொடுத்து, அது தோற்ற பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதலில் தேங்காய் எண்ணெய். எந்தப் பெயின்டையும் அது ஒன்றும் செய்வதில்லை, ஸ்ப்ரே டப்பாப் பெயின்ட் அடித்த வீலுக்கும் அஞ்சாமல் பயன்படுத்தலாம். பஞ்சை எண்ணெயில் தோய்த்துப் பசையின் மேல் பட்டையாக வைத்து, பால் கவரைக் கத்தரித்து மேலே சுற்றி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் உருட்டினால், பசை அழிரப்பர் துகள்போல் திரண்டு வரும். விலை குறைந்த ஸ்டிக்கர்களிலும் பல டேப்புகளிலும் இருக்கும், நாளாவட்டத்தில் மஞ்சளாகிப்போகும் ரப்பர் வகைப் பசைக்கு இதுவே பெரும்பாலும் போதும். திரண்டு வந்த உருண்டையைத் தூக்கிப் போடாமல், அதைக்கொண்டே அடுத்த இடத்தை ஒற்றி ஒற்றி எடுங்கள். பசையை எடுக்கப் பசையைவிட நல்ல பொருள் கிடையாது. புதிய பேக்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தை அழுத்திப் பிடுங்குவதும் இதே தந்திரந்தான். ஆனால் ஏற்கெனவே செதில் கிளம்பிய பெயின்டின் மேல் அதைச் செய்தால் பெயின்டும் கூடவே வந்துவிடும்.

எண்ணெய்க்கு மசியாத ரப்பர் பசைக்கு அடுத்தது மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. அதற்கு ஈடாகப் பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைப் பயன்படுத்தலாம். பனியன் வேஸ்ட் எனப்படும் கழிவுத் துணியில் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவைத்து, கார்டின் ஓரத்தால் தள்ளுங்கள். டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்ப்ரேயும் செய்வது ஏறத்தாழ இதே வேலையைத்தான். கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்வது நல்லது.

நிறம் மாறாமல் கண்ணாடிபோல் தெளிவாகவே இருக்கும் பசை அக்ரிலிக் வகையாக இருக்கக்கூடும். தரமான ஸ்டிக்கர்களில் வருவது இதுதான், எண்ணெய்க்கு இது எளிதில் மசியாது. இதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருக்கும் ஐ.பி.ஏ. என்பது இதுவே, ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் சானிடைசர் ஜெல்லும் ஓரளவு உதவும். ஜெல்லாக இருப்பதால் வழியாமல் நின்று ஊறும் என்பது அதன் ஒரே மேன்மை. ஆல்கஹாலை அரை மணி நேரம் ஊறவிடக் கூடாது. ஓரிரு நிமிடம் வைத்து, துடைத்து, தேவைப்பட்டால் மறுபடி வையுங்கள். ஸ்ப்ரே பெயின்டையும் என்.சி. பெயின்டையும் ஆல்கஹாலும் இளக்கக்கூடும் என்பதால், முன்னர் சொன்ன பஞ்சுச் சோதனையில் தேறிய வீலுக்கு மட்டுமே இது.

எண்ணெயும் ஆல்கஹாலும் மாறி மாறி மூன்று சுற்றுப் போன பிறகும் அசையாத பசை மிகவும் அரிது. அப்படி இருந்தால் தின்னரை எடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மீண்டும் சூடாக்கி முதலிலிருந்து தொடங்குங்கள். சில இடங்களில் வாட்டர் வாஷுக்கு ஆசிட் கலந்த திரவத்தைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஆசிட் பசையைத் தொடாது, ஆனால் கீறல் வழியே உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். வாஷிங் சோடாவும் அலுமினியத்துக்குப் பகை.

பேலன்ஸ் எடையை ஸ்டிக்கர் என்று எண்ணி எடுக்காதீர்கள்

ரிம்மின் நடுப்பகுதியில் 5 கிராம், 10 கிராம் என்று சிறு கட்டிகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அவை அழகுக்கு ஒட்டியவை அல்ல. வீல் பேலன்ஸுக்காக வைத்த எடைகள். அவற்றை எடுத்தால் வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். பெயின்ட் அடிப்பதற்காக எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடத்தைச் சாக்பீஸால் குறித்து, எத்தனை கட்டிகள் என்று எழுதிவைத்துக்கொண்டு, பிறகு பேலன்ஸிங் செய்யும் கடைக்குப் போய்விடுங்கள். அவற்றின் அடியில் இருக்கும் தடித்த நுரை டேப்பை நெம்பக் கூடாது. காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் தூண்டில் நரம்பு கிடைக்கும். அதை இரு கைகளிலும் சுற்றிப் பிடித்து, எடைக்கும் ரிம்முக்கும் நடுவில் வாள் அறுப்பதுபோல் இழுத்தால், கீறல் ஒன்றுகூட விழாமல் அறுத்துக்கொண்டு வரும்.

வேலை முடிந்த பின்

மீதமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை ஷாம்பு நீரால் இரண்டு முறை கழுவுங்கள். பிசுக்கோடு விட்டால் ஒரே நாளில் பழைய கறுப்புக் கோடு திரும்ப வந்துவிடும். மணலி, மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ வாட்டர் எடுத்துவைத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் நனைந்த துணிகளை அடுப்பருகே போடாமல் வெளியே விரித்துக் காயவைத்து, பிறகு குப்பையில் சேருங்கள். மீந்த திரவத்தை மழைநீர் வடிகாலில் ஊற்ற வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பக்கத்து வடிகால்களும் கால்வாய்களும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க்கின் மேலிருந்த பையைக் கழற்றி, புதிய துணியில் ஐ.பி.ஏ. நனைத்து டிஸ்க்கை ஒரு முறை துடைத்துவிடுங்கள். பிறகு தெருவுக்குள்ளேயே நடைவேகத்தில் ஓட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் நான்கைந்து முறை பிடித்துப் பார்த்த பின்னரே பெரிய சாலைக்கு எடுங்கள்.

பசை முழுவதும் போன பிறகும் ஸ்டிக்கர் இருந்த இடம் சற்று அடர்ந்த நிறத்தில் கோடாகத் தெரியலாம். அது பசை அல்ல. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயின்ட் வெயில் படாமல் பழைய நிறத்தோடு இருக்க, சுற்றிலும் உள்ள பெயின்ட் வெளுத்திருக்கிறது. பளபளப்பான வீலாக இருந்தால், கோட்டைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதியை நயமான பாலிஷால் மெதுவாகத் தேய்த்து வேறுபாட்டைக் குறைக்கலாம். மேட் வீலில் அதையும் செய்ய வழியில்லை. அந்தக் கோட்டை மறைக்கப் புதிய ஸ்டிக்கர் ஒட்டுவதென்று முடிவு செய்தால், ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் பாலிஷோ வேக்ஸோ தடவாமல், ஐ.பி.ஏ.யால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். இந்த முறையாவது, அடுத்த ஆயுத பூஜைக்குள் பசை வெந்து இறுகுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள்.